எட்டு மடைகள்

கிளாக்ஸ்விக் துறையில் படகுகள்
நாலு மணிக்குக் கயிறு அவிழ்க்கும்.
தீவுகளுக்கு இடையில் ஓடும் நீர்
ஆறு மணிக்கொரு தரம் மனசு மாறும்.
எப்போது, எந்தப் பக்கம், எவ்வளவு என்று
கணித்துச் சொல்வது எங்கள் வேலை.
இரண்டு மணிக்குத் தொடங்குவோம்.
நாலரைக்குச் சொல்வோம்.

"நல்ல கணிப்பு," என்பான் ஹல்லுர்.
"நேற்று மாலை கரைக்கு வந்து படித்தேன்,
அப்படியே நடந்திருந்தது."

புது எந்திரம் வாங்கினோம்.
இரு மடங்கு வேகம் என்று
பெட்டியின் மேலேயே எழுதியிருந்தது.
பிரித்துப் பூட்டி ஓடவிட்டோம்.
நாலு இருபத்தாறு.

நிரல் மோசம் என்றான் பார்துர்.
திரையைக் காட்டினார் மேலாளர்:
செயலி நூற்றுக்கு நூறு உழைக்கிறது,
பச்சைக் கம்பம் உச்சியில் நிற்கிறது, பாருங்கள்.

அந்தப் பச்சையை நான் நம்பவில்லை.
காத்து நிற்பதையும்
உழைப்பென்று வரவு வைக்கும் கணக்கு அது.

செயலியின் ஒரு துடிப்பை
ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.
மடியில் இருக்கும் எண்ணை எடுக்க நாலு நொடி.
பக்கத்து அறை என்றால் கால் நிமிடம்.
கூடத்தின் கோடி என்றால் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.
அங்கேயும் இல்லை,
நினைவகத்துக்கே ஆள் அனுப்ப வேண்டும் என்றால்
ஆறு நிமிடம்.

கூட்டல் போட ஒரு நொடி.
கூட்ட வேண்டிய எண் வந்துசேர
ஆறு நிமிடம்.

இரு மடங்கு வேகமான செயலி
இரு மடங்கு வேகமாகக்
கை கட்டிக்கொண்டு நின்றது.

ஞாயிறு இரவு. மழை படுக்கைவாட்டில் பெய்தது.
திருகாணி நாலு. மூடியைத் தூக்கினேன்.
நினைவகத்திலிருந்து எட்டு மடை திறக்கிற பலகை.
இரண்டில்தான் பட்டை இருந்தது.
மற்ற ஆறும்
பல் விழுந்த ஈறு.

யானைப் பசி.
அதற்கு இரண்டு வாய்க்காலில்
சோளப்பொறி.

மார்யுன்தான் வாங்கினாள், கணக்குப் பிரிவு.
"பெரிய பட்டை இரண்டுக்குத் தள்ளுபடி இருந்தது.
மொத்தக் கொள்ளளவு அதேதானே?"
அதேதான்.
படிவத்தில் எவ்வளவு கொள்ளும் என்றுதான் கேட்டிருந்தோம்.
எவ்வளவு பாயும் என்பதற்குக் கட்டமே போடவில்லை.
போட்டது நான்.

சிறிய பட்டை எட்டுக்கு எழுதினேன்.
கோபன்ஹேகனில் அன்றைக்கே கட்டி அனுப்பிவிட்டார்கள்.
அப்புறம் கப்பல்.
அப்புறம் புயல்.
ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளில் நிரலைத் திறந்தேன்.
ஓர் எண்ணுக்காகப் போகிற ஆள்
வெறுங்கையோடு ஒன்றை மட்டும் கொண்டுவருவதில்லை,
பக்கத்தில் இருக்கும் ஏழையும்
சேர்த்து அள்ளிக்கொண்டு வருகிறான்.
நாங்களோ கடலை வரிசை வரிசையாய் எழுதிவைத்து
நெடுக்குவாட்டில் படித்திருக்கிறோம்.
ஒன்றை வாங்கி, ஏழைக் கீழே போட்டு,
அடுத்ததற்கு மறுபடி ஆள் அனுப்பி,
ஐந்து வருஷமாக.

இரண்டு வரியை இடம் மாற்றினேன்.
நாலு மூன்று.
"மோசம் என்றேனே," என்றான் பார்துர்.
பாதி சரி. அவனிடம் சொல்லவில்லை.

பத்தாம் நாள் பட்டைகள் வந்தன.
ஒவ்வொன்றாய் அழுத்தினேன்.
கட்டைவிரலுக்கடியில் சின்னதாய் ஒரு டக்.
எட்டு டக்.

அன்றிரவு மூன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே
கடல் முழுவதும் முடிந்துவிட்டது.
அச்சடித்து, மேலங்கியின் உள்ளே வைத்துத்
துறைக்கு நடந்தே போனேன்.

விளக்கை உயர்த்திப் படித்தான் ஹல்லுர்.
மேற்கு வாய் வழியாகப் போகலாம்,
ஐந்தரை வரை நீர் நம் பக்கம்.
தாளை மடித்துத் தொப்பிக்குள் செருகினான்.
எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

நாலு ஆயிற்று. நாலே கால் ஆயிற்று.
"ஏன் இன்னும் கிளம்பவில்லை?"

ஐஸ் கிடங்கின் பக்கம் முகவாயை நீட்டினான்.
உள்ளே ஆறு ஆள் வாரிக் கொட்ட,
ஒரே ஒரு தள்ளுவண்டி,
சறுக்கும் கல்மேல்
மெதுவாக
வந்துகொண்டிருந்தது.